எனக்காக விற்ற சைக்கிள்

அன்பான இஞ்சாருங்கோ,

உங்கள் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எழுதவும் இப்போது கை வரவில்லை. அதனால் அடுப்படியிலிருந்து கூப்பிட்ட அதே கூப்பாட்டோடு தொடங்குகிறேன். அப்போதெல்லாம் ஒரு தரம் கூப்பிட்டால் நீங்கள் திரும்பிப் பார்த்ததில்லை. யாரோ ஒருவருடைய சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றிவிட்டு, அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இனியாவது முதல் கூப்பாட்டுக்குக் காது கொடுங்கள்.

நீங்கள் போய் ஒரு வருடம் நிறைந்து, உங்கள் ஆட்டைத் திவசமும் முடிந்த பிறகு வீடு அமைதியாகிவிட்டது. தர்சினி வவுனியாவில்தான் இருக்கிறாள், மருமகனுக்கு இன்னும் வேலை மாற்றம் கிடைக்கவில்லை. நீங்கள் இருந்தவரை ஒரு காய்கூடத் தராத கிணற்றடி எலுமிச்சை இப்போது கொட்டுகிறது. அதற்கும் உங்களோடு என்ன கோபமோ தெரியவில்லை.

இதெல்லாம் சில்லறைச் செய்தி. பெரிய செய்தி என்னவென்றால், என் சக்களத்தியைக் கண்டுபிடித்துவிட்டேன்.

இதை ஓரமாக நின்று கேட்கிறவர்கள் தப்பாக நினைக்க வேண்டாம். என் சக்களத்தி பெண் அல்ல. இங்கிலாந்தில் செய்த ஒரு பழைய றேசிங் சைக்கிள். கரும்பச்சை நிறம், கீழ்நோக்கி வளைந்த ஹான்டில், ஒல்லியான ரயர். பின்னால் கரியர் கிடையாது, ஒருத்தியை ஏற்ற இடமில்லாத சைக்கிள். என் கணவர் இணுவிலில் இளந்தாரியாகத் திரிந்த காலத்தில் அதை வைத்திருந்தார். எங்கள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு விற்றுவிட்டார். நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் முப்பது வருடத்துக்கு மேல் அதோடும் சேர்ந்துதான் குடும்பம் நடத்தினேன்.

நீங்கள் பேசிய பேச்சு அப்படி. சோறும் கறியும் நன்றாக அமைந்தால் ஒரு "ம்" வரும். அவளைப் பற்றி என்றால் வாய் ஓயாது. கீரிமலைக்கு ஒரே மூச்சில் போன கதை, பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு போன கதை, இரண்டு விரலால் தூக்கிக் காட்டி ஊரை அசத்திய கதை. பெடல் அச்சுக்குக் கீழே அடித்திருந்த அவளுடைய இலக்கம் உங்களுக்குக் கடைசிவரை மனப்பாடம். என் பிறந்தநாளைத் தர்சினி நினைவூட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் உங்கள் ஞாபகத்தைப் பார்க்க டொக்டர் ஏதாவது ஒரு இலக்கம் சொல்லச் சொன்னார். நீங்கள் வீட்டு இலக்கத்தையோ அடையாள அட்டை இலக்கத்தையோ சொல்லவில்லை. அவளுடையதைச் சொன்னீர்கள். "நல்ல ஞாபகம்" என்று டொக்டர் சொன்னார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். என்ன இருந்தாலும் விற்றது அவளை, கட்டியது என்னை. கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டார்தானே எடுக்க வேண்டும். எனக்கு வந்த கூறையைப் போல ஒன்றை அந்த நாளில் மானிப்பாயில் யாரும் உடுத்தியதில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்த உங்கள் சம்பளத்துக்கு அது எட்டாது. சைக்கிள் போன அதே மாதம் கூறை வந்தது. எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. எனக்காகச் சைக்கிளை விற்ற மனிசன் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். தர்சினியை நித்திரையாக்கிய கதையும் அதுதான். நீங்கள் அவளைப் புகழப் புகழ, அவளை வென்றவள் நான் என்று எனக்குள் ஒரு கொழுப்பு ஏறும். அது இருந்தபடியால்தான் அவ்வளவு காலம் என் வாயும் அடங்கியிருந்தது.

மற்ற எரிச்சல் உங்கள் கூட்டாளி அருமைநாயகம். அவரைப் பற்றி உங்களுக்கே எழுதுவது வேடிக்கைதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, வெள்ளைக் காற்சட்டையின் காலை மடித்துக் கிளிப் போட்டுக்கொண்டு எங்கள் படலையில் வந்து நிற்பார். "அண்ணை நிக்கிறாரோ அக்கா?" என்பார். நிற்கிறீர்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதன் பிறகு அந்த ஞாயிறு எனக்கில்லை. யாரோ ஒருவர் பழைய சைக்கிள் வாங்கப் போகிறார், விலைக்குத் தகுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு நீங்கள் இரண்டு பேரும் ஒரு தேத்தண்ணியைத் தவிர வேறொன்றும் வாங்கியதில்லை. ஞாயிறை வீணாக விடக்கூடாதென்று சில நாட்கள் நானும் கூடவே வந்து வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். நின்று நின்று, எதைத் தட்ட வேண்டும், எதைத் தடவ வேண்டும் என்று எனக்கும் படிந்துவிட்டது. அது உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

போன மாதம் தர்சினி போனில் ஒரு படம் அனுப்பினாள். பழைய சாமான்கள் விற்கிற பக்கமொன்றில் வந்ததாம். கறுப்பு நிறத்தில் ஒரு சைக்கிள். பழைய இங்கிலீஷ் றேசர், இணுவில் சங்கக்கடை மனேச்சரிடம் அப்பா வாங்கியது, கொழும்புத்துறையில் வந்து பார்க்கலாம் என்று கீழே எழுதியிருந்தது. "அம்மா, உது அப்பான்ரை சைக்கிளெல்லோ?" என்று தர்சினி கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வயதிலும் அவள் நிமிர்ந்து நிற்கிறாள். நான் முழங்கால் வலிக்குத் தைலம் பூசிக்கொண்டிருக்கிறேன்.

அவளை வாங்குவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். ஓடுவதற்கு அல்ல. தோற்றவள் வென்றவளின் வீட்டில் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். நான் தினமும் அவளைக் கடந்து போய்ப் பூப்பறிக்க வேண்டும். அருமைநாயகத்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவர் முந்திக்கொண்டு போவார் என்று தெரியும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இப்போது பழைய றேசர்களைத் தேடி வாங்கித் தங்குவிடுதிச் சுவர்களில் மாட்டுகிறார்கள், அந்தப் பயமும் இருந்தது. மறுநாள் காலை பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து ஓட்டோவில் கொழும்புத்துறைக்குப் போனேன்.

கடற்காற்று நேராக முற்றத்துக்குள் வருகிற வீடு. றெஜினா என்ற பெண், என்னைவிட இளையவள், கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு நின்றாள். மீன் வியாபாரம் செய்த தகப்பன் போன வருடம் செத்துப்போனாராம். வீட்டைத் திருத்த வேண்டும், சாமான்களைக் குறைக்கிறேன் என்றாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஆர் சைக்கிள் பாக்கிறது? ஆளைக் கூட்டிக்கொண்டு வரேல்லையோ?"

"நான்தான் ஆள்" என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவள் சைக்கிளை விறாந்தையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினாள். நான் பார்த்தேன். என்ன சொல்ல, அவள் வடிவுதான். கறுப்புப் பூசியிருந்தும் வடிவு. ஒரு இடத்தில்கூடத் தேவைக்கு மேல் இரும்பு இல்லை. நீங்கள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததும் இன்னும் எரிந்தது.

நான் குனிகிற நேரம் படலையில் மணிச் சத்தம் கேட்டது. திரும்பினால் அருமைநாயகம். காற்சட்டையில் கிளிப். அவரும் அந்தப் படத்தைக் கண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் முகம் ஒரு மாதிரிப் போனது. ஆனால் முறை தெரிந்த மனிசன். ஒருவர் சாமான் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றவர் உள்ளே வந்து விலை பேசுவதில்லையே. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, பூவரசுக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்கள் முதல் பாருங்கோ அக்கா. நான் பேந்து பாக்கிறன்."

"பேந்து பாக்க மிச்சம் இராது" என்றேன். நான் சொன்னது றெஜினாவுக்கு விளங்கவில்லை, அவருக்கு விளங்கியது.

பிறகு நான் தொடங்கினேன். நீங்கள் எப்படிச் செய்வீர்களோ அப்படியே. முதலில் செயினைப் பார்த்தேன். விற்கிற அன்று காலையில் எண்ணெய் பூசினால் நல்லதற்கல்ல என்பீர்கள். இவள் செயின் காய்ந்து கிடந்தது, ஒளிக்க ஒன்றுமில்லை. மேல்பாருக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கினேன். தூக்கிவிட்டேன், கேட்டீர்களா, இந்த வயதில். கவிழ்த்து வைத்துப் பெடல் அச்சுக்குக் கீழே சேலைத் தலைப்பால் துடைத்தேன். அந்த இலக்கம் இருந்தது. உங்களுக்குப் பாடமாக இருந்த இலக்கம் எனக்கும் பாடமென்று அப்போதுதான் தெரிந்தது. எதிரியின் விலாசம் யாருக்குத்தான் மறக்கும்?

அதன் பிறகு குறை சொல்லத் தொடங்கினேன். விலையைக் குறைக்க மட்டுமல்ல, பூவரசடியில் நின்ற மனிசனுக்குக் கேட்கவும்தான். முன்சில்லைச் சுற்றினேன். றிம் பிறேக் கட்டையில் ஒரு பக்கம் உரசி மறுபக்கம் விலகியது. "கோணல்" என்றேன். பெடலைப் பக்கவாட்டில் ஆட்டினேன், அச்சு லொடலொடத்தது. "தேஞ்சு போச்சு" என்றேன். சீற்றை உயர்த்தப் பார்த்தேன், உப்புக்காற்றில் இறுகிப் பிறேமோடு பிறேமாகிவிட்டது. "இனி ஆராலையும் கழட்டேலாது" என்றேன். குழாயைக் கையால் தட்டினேன். உள்ளேயிருந்து செங்கல் தூளைப் போலத் துரு கொட்டியது. ஒவ்வொரு குறைக்கும் அருமைநாயகத்தின் முகம் சுருங்கியது. எனக்கு அன்று காலை சாப்பிடாத பசியே தெரியவில்லை.

கடைசியாகத்தான் அந்த இடத்தைத் தடவினேன். ஹான்டிலுக்குப் பின்னால், இரண்டு குழாய்களும் கழுத்தோடு சேருகிற இடத்தின் அடிப்பக்கம். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள். சைக்கிள் நேரே போய் எதிலாவது மோதினால், பிறேம் உள்வாங்கி அந்த இடத்தில் மெல்லிய மடிப்பு விழும். பெயின்ற் பூசி மறைக்கலாம், நிமிர்த்த முடியாது. "கழுத்து மடிஞ்சால் எழும்பி வந்திட வேணும், பேந்து விலையே கேக்கக்கூடாது" என்பீர்கள்.

மடிப்பு இருந்தது. என் விரல் அதில் ஏறி இறங்கியது.

முதலில் சந்தோசம்தான் வந்தது. உலகமே புகழ்ந்த அழகிக்குக் கழுத்தில் குறை. நன்றாகப் பார்ப்போமென்று முகத்தைக் கொண்டுபோனேன். கறுப்புப் பெயின்ற் அங்கே கொஞ்சம் உதிர்ந்திருந்தது. மற்ற இடங்களில் கறுப்பு உதிர்ந்தால் அடியில் கரும்பச்சை தெரிந்தது. இங்கே தெரிந்தது வேறு பச்சை, வெளிறிய பச்சை, தூரிகை இழுத்த கோடுகளோடு. அந்தப் பச்சையை எனக்குத் தெரியும். நம் கல்யாணத்துக்கென்று இணுவில் வீட்டு யன்னல்களுக்கு நீங்கள் உங்கள் கையால் அடித்த பச்சை. நான் புதுப்பெண்ணாக வந்து இறங்கியபோது முதலில் பார்த்தது அந்த யன்னல்களைத்தான். விரலில் ஒட்டும்போல இன்னும் பளபளத்தன.

அப்படியென்றால் மடிப்பு றெஜினாவின் தகப்பன் கையில் விழுந்ததல்ல. விற்பதற்கு முன்பே விழுந்தது. நீங்கள் பூசி விற்றிருக்கிறீர்கள்.

"உது ஆர் செய்தது?" என்று கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

றெஜினா எட்டிப் பார்த்தாள். "ஓ, உதுவோ. உது அப்பாவுக்குத் தெரியும். அந்த மனேச்சர் ஐயா விக்கேக்கையே கையைப் பிடிச்சுத் தடவிக் காட்டினவராம். கழுத்து மடிஞ்சு போச்சு, வேகமா ஓடாதேங்கோ எண்டு சொல்லித்தான் குறைச்ச விலைக்குத் தந்தவராம். அப்பா சாகுமட்டும் சொல்லுவார், அப்பிடி ஒரு நேர்மையான மனிசனைக் காணேலாது எண்டு."

கொழும்புத்துறையில் முன்பின் தெரியாத ஒரு மனிசனுக்குக் கையைப் பிடித்துக் காட்டியிருக்கிறீர்கள். என் கையும் உங்கள் பக்கத்தில்தானே இருந்தது. ஒருநாளாவது பிடித்துக் காட்டத் தோன்றவில்லையா?

நான் பூவரசடியைப் பார்த்தேன். அருமைநாயகம் நிலத்தைப் பார்த்தார்.

"அருமை, உங்களுக்கும் தெரியுமோ?"

அவர் கிட்ட வந்தார். "நான்தான் அக்கா இடிச்சது. அப்ப பள்ளிக்கூடம் முடிச்ச பொடியன். ஒருக்கா ஓடிப் பாக்கத் தாங்கோ அண்ணை எண்டு கெஞ்சி வாங்கிக்கொண்டு போனனான். சுதுமலைப் பக்கம் வளைவிலை மதகோடை கொண்டுபோய்ச் சேத்துப்போட்டன். அண்ணை ஓடி வந்தவர். சைக்கிளைத் திரும்பியும் பாக்கேல்லை. முதல் என்ரை முழங்காலைத்தான் பாத்தவர்."

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது இரக்கம் என்று எழுதினால் அது பொய். பொறாமைதான் வந்தது. நான் அவளுக்குப் போட்டி என்று காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க, அவளை நொறுக்கியவனின் முழங்காலுக்கு ஊதிவிட்டிருக்கிறீர்கள்.

"பேந்து தடவிப் பாத்திட்டு, இனி உது உதவாதடா, நல்ல மனிசனாப் பாத்துச் சொல்லிக் குடுத்திடுவம் எண்டார். அதுதான் வித்தது" என்றார்.

"அப்ப என்ரை கூறை?"

றெஜினா கோழியைப் பார்க்கப் போகிறமாதிரி ஒதுங்கிப் போனாள், நல்ல பிள்ளை. "அது சீட்டுக் காசு அக்கா" என்றார் அருமைநாயகம். "உங்களைப் பேசி முடிச்ச கிழமையே கூறைக்கெண்டு சீட்டுப் போடத் தொடங்கினவர். சைக்கிளுக்கும் கூறைக்கும் ஒரு தொடுசலும் இல்லை."

நான் விறாந்தைப் படியில் இருந்துவிட்டேன். யோசித்துப் பாருங்கள். ஊரெல்லாம் நான் வாசித்த மேளம் என்ன. எனக்காகச் சைக்கிளை விற்றவர் என்று எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை பெண்களின் வாயை அடைத்திருப்பேன். கடைசியில் நான் வென்றது கழுத்து முறிந்த ஒன்றை. என்னோடு போட்டிக்கு அவள் வரவேயில்லை. வராதவளை வென்றதாகச் சொல்லிக்கொண்டு காலத்தைக் கழித்திருக்கிறேன். இது அருமைநாயகத்துக்குத் தெரியும், செத்துப்போன ஒரு மீன்காரருக்குத் தெரியும், அவர் மகளுக்கும் பாதி தெரியும். உங்கள் மனிசிக்கு மட்டும் தெரியாது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றேன். "இவ்வளவு நாளும் ரண்டு பேருமாச் சேந்து என்னை வைச்சுச் சிரிச்சியளோ?"

"ஐயோ அக்கா, அப்பிடி நினையாதேங்கோ." அவருடைய கண் கலங்கிவிட்டது. "உங்கடை கல்யாணம் முடிஞ்ச முதல் தீபாவளிக்கு இணுவிலிலை எல்லாரும் இருக்கேக்கை நீங்கள்தான் சொன்னியள், எனக்காகச் சைக்கிளை வித்தவர் எண்டு. நான் வாயைத் துறக்க வெளிக்கிட்டனான், என்ரை குற்றம்தானே, மனம் கேக்கேல்லை. அண்ணை என்ரை கையைப் பிடிச்சு அமத்திப்போட்டார். வெளியிலை கூட்டிக்கொண்டு வந்து, அவள் அதிலை நல்லாச் சந்தோசமா இருக்கிறாள், விடு, ஒருநாளும் சொல்லிப்போடாதை எண்டவர். நானும் சொல்லேல்லை."

நான் படியில் இருந்தபடியே பழசெல்லாம் கிளறிப் பார்த்தேன். எனக்காக விற்றேன் என்று நீங்கள் எப்போதாவது உங்கள் வாயால் சொல்லியிருக்கிறீர்களா? ஒருநாளும் இல்லை. சொன்னதெல்லாம் நான்தான். நான் சொல்லும்போது நீங்கள் சிரித்துக்கொண்டு காலைப் பார்ப்பீர்கள். அதை வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவளை அவ்வளவு புகழ்ந்தீர்களே, அது எதற்கு? அவள் எவ்வளவு உயர்ந்தவளோ அவ்வளவுக்கு என் வெற்றியும் உயரட்டும் என்று எனக்காகப் புகழ்ந்தீர்களா? அல்லது உண்மையாகவே அவளை மறக்க முடியாமல் புகழ்ந்தீர்களா? பஸ்ஸில் போகும்போதும் இதைத்தான் யோசிக்கிறேன், கறி தாளிக்கும்போதும் இதைத்தான் யோசிக்கிறேன். ஒரு நாள் ஒரு பக்கம் சாய்கிறது, மறுநாள் மறுபக்கம். அருமைநாயகத்திடம் கேட்டால் தெரியலாம். அவரிடம் கேட்பதைவிடத் தெரியாமலே இருந்துவிடுவேன்.

எழும்பிப் போவோம் என்றுதான் சேலையைத் தட்டினேன். உங்கள் சட்டமும் அதுதானே, கழுத்து மடிந்தால் விலையே கேட்கக்கூடாது. அப்போது அருமைநாயகம் மெதுவாகச் சொன்னார்.

"நீங்கள் எடுக்காட்டில் நான் கொண்டுபோறன் அக்கா. ஓடுறதுக்கில்லை. என்ரை கையாலை உடைஞ்சது, என்ரை வீட்டிலை நிக்கட்டும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "நான் எடுக்கிறன்" என்றேன். றெஜினாவைக் கூப்பிட்டு அவள் கேட்ட விலையை அப்படியே கையில் கொடுத்தேன். கோணல், தேய்வு, துரு, மடிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்ன வாயால் ஒரு சதம்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்த மனிசிக்கு வெயில் பிடித்துவிட்டதோ என்ற சந்தேகம் இருந்தது. சைக்கிள் பார்க்கிறதில் உங்களுக்கு இருந்த நல்ல பெயரை ஒரே காலையில் கெடுத்துவிட்டேன், மன்னியுங்கள்.

கொண்டுவருவது எப்படி? ரயர்களில் காற்றில்லை, ஓட்டோவில் கொள்ளாது. றெஜினா வீட்டுப் பம்பால் அருமைநாயகம் காற்றடித்தார். பிறகு தன் சைக்கிளில் ஏறி, ஒரு கையால் தன் ஹான்டிலையும் மறு கையால் அவளுடைய ஹான்டிலையும் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். நான் பின்னால் ஓட்டோவில். மெதுவாப் போங்கோ தம்பி, அவையை முந்தாதேங்கோ என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன். காசைக் கொடுத்தவள் நான், கை கோத்துக்கொண்டு போகிறவர் அவர். மானிப்பாய் வரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இப்போது அவள் நம் விறாந்தையில், உங்கள் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். காலையில் பூப்பறிக்கப் போகும்போது கடந்துதான் போகிறேன். நினைத்த அளவு இனிக்கவில்லை. சில நாள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவேன், சில நாள் பார்க்காமலே போவேன். நேற்று தூசி தட்டினேன், அதை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

அருமைநாயகம் ஞாயிறுகளில் வரத் தொடங்கிவிட்டார். துருவைச் சுரண்ட வேண்டும் என்கிறார். வேண்டாம் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன். போன ஞாயிறு அவர் சில்லைக் கழற்றிப் போட்டு றிம்மைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தர்சினி வீடியோவில் அழைத்தாள். உண்மையை அவளுக்குச் சொல்லிவிடுவது என்று நான் தீர்மானித்திருந்தேன். எத்தனை நாளைக்குத்தான் பிள்ளையும் பொய்யைச் சுமக்கும்? போனைத் திருப்பிச் சைக்கிளைக் காட்டினேன். அவள் குழந்தைபோலக் கையைத் தட்டினாள்.

"மெய்யே அம்மா, உதையே அப்பா உங்களுக்காக வித்தவர்?"

நான் வாயைத் திறந்தேன். பிறகு போனை என் பக்கம் திருப்பி, சேலைத் தலைப்பால் அதன் கண்ணாடியைத் துடைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அருமை மாமா, நீங்கள் சொல்லுங்கோ, மெய்யோ?" என்றாள்.

அருமைநாயகம் தலையை நிமிர்த்தவில்லை. றிம்மைத் துடைத்த கையும் நிற்கவில்லை.

"ஓம் பிள்ளை. கொம்மான்ரை கூறைக்குத்தான். நான் பக்கத்திலை நிண்டனான். கொப்பர் கொஞ்சமும் யோசிக்கேல்லை."

"எனக்குத் தெரியும்" என்று தர்சினி சிரித்தாள். பிறகு வேறு ஏதோ கதைத்தாள், மருமகனுடைய மாற்றத்தைப் பற்றி. எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் கேத்தலை வைத்துவிட்டு நின்றேன். இத்தனை காலமும் நான் மட்டுமே சொல்லி வந்த சொல். இன்னொரு வாய் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தரம். பொய் என்று தெரியும். சொன்னவருக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். இருந்தும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அழுது முடிந்ததும் பொறாமை திரும்பி வந்துவிட்டது. அந்தச் சொல்லை இவர் வாயால் கேட்க வைத்துவிட்டீர்களே. அது உங்கள் வாயால் வந்திருக்க வேண்டிய சொல்.

ஆகவே வாக்குத் தருகிறேன். தர்சினிக்கு ஒருநாளும் உண்மையைச் சொல்ல மாட்டேன். அருமைநாயகத்தை ஞாயிறுகளில் வர விடுவேன், தேத்தண்ணியும் கொடுப்பேன், முகத்தை நீட்டாமல் கொடுப்பேன். அந்தச் சைக்கிளில் யாரையும் ஏற விட மாட்டேன், உங்கள் பெயரால் இன்னொரு முழங்கால் உடைய வேண்டாம். இதற்கெல்லாம் பதிலாக எனக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். நான் அங்கே வந்து சேரும் நாளில், சுகமோ என்று கேட்பதற்கு முன்பு, உனக்காகத்தான் அவளை விற்றேன் என்று உங்கள் வாயால் ஒரு தரம் சொல்லுங்கள். நம்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தர்சினியின் தாய், உங்கடை மனிசி,
சிவமலர்